வாரம் ஒரு பாட்டு வகுப்பு, நாற்பது பிள்ளைகள்: எந்த வழியில் தொடங்கலாம்?

ஒரு நடுநிலைப் பள்ளி வாரத்துக்கு ஒரு பிரிவேளையை இசைக்கு ஒதுக்குகிறது. வகுப்புக்கு 40 பிள்ளைகள், பிரிவேளைக்கு 40 நிமிடம். தேர்வு, விடுமுறை, மழை விடுப்பு, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் போக ஓராண்டில் கையில் நிற்பது ஏறக்குறைய 30 வகுப்பு. மொத்தம் 20 மணி நேரம். அதற்குள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தப் பேச்சை எடுத்ததும் “நாலு கீபோர்டு வாங்கிப் போட்டுடலாம்” என்பார் ஒருவர். “முறையா சரளி வரிசையிலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்று கர்நாடக இசையின் முதல் பாடத்தைச் சொல்வார் இன்னொருவர். பறை சொல்லித்தர ஓர் ஆசானை அழைக்கலாம் என்று ஒரு குரல் வரும். நான்காவது யோசனையைச் சொல்லத்தான் ஆள் குறைவு: பிள்ளைகளே தாளம் கட்டி, மெட்டுப் போட்டு, தங்கள் வீட்டுப் பாட்டையும் அடுத்த வீட்டுப் பாட்டையும் கேட்டு வளரும் படைப்பு வகுப்பு. யாராவது சொன்னாலும் விளையாட்டு என்று தள்ளிவிடுவார்கள். நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் வரவேண்டியது அந்த நான்காவதுதான் என்பது எங்கள் முடிவு. மற்ற மூன்றும் அதன்மேல் கட்டப்பட வேண்டியவை. ஏன் என்பதைக் கருவிக் கணக்கிலிருந்தே பார்க்கலாம்.

கீபோர்டும் ரெக்கார்டரும்

மூன்று கீபோர்டு வாங்கியாயிற்று. எடுத்து வைக்க, வயர் மாட்ட, திரும்ப அடுக்க எட்டு நிமிடம் போகும். மிச்சம் 32 நிமிடம். மூன்று கருவியை 40 பேருக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளையின் விரல் கட்டையில் படுவது வகுப்புக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. 30 வகுப்பையும் கூட்டினால் 72 நிமிடம். மற்ற நேரமெல்லாம் வரிசையில் நிற்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு. போதாததற்கு, அதில் தாளம் தானாக ஓடும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை ஒருமுறை அழுத்திப் பழகிய பிள்ளை கையால் தாளம் போடுவதை விட்டுவிடும். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கும் அதில் வழியில்லை. ஆசிரியர் சுருதி காட்ட ஒரு கீபோர்டு போதும். தனிப்பயிற்சிக்கு நல்ல கருவிதான்; 40 பேர் வகுப்புக்கு இந்தப் பட்டியலில் கடைசி இடம்.

கருவிதான் வேண்டும் என்றால் ரெக்கார்டர் மேல். நேராக வாயில் வைத்து ஊதும் பிளாஸ்டிக் குழல் இது. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் கையில் இருப்பது. புல்லாங்குழலில் சத்தம் வரவைக்கவே உதட்டைப் பல வாரம் பழக்க வேண்டும். ரெக்கார்டரில் முதல் மூச்சிலேயே சத்தம் வந்துவிடும். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது: 40 பேர் பலமாக ஊதினால் அடுத்த வகுப்பு நடக்காது. கீச்சென்று கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. மூச்சு அதிகம், அல்லது துளை சரியாக மூடவில்லை. கண்ணாடியில் ஆவி படியும் அளவுக்கு ஊதினால் போதும். துளையை விரல் நுனியால் மூடாமல் சதைப்பகுதியால் மூட வேண்டும். விரலை எடுத்துப் பார்த்தால் அதில் துளையின் அச்சு முழு வட்டமாகப் பதிந்திருக்க வேண்டும். அரை வட்டம் தெரிந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. இடக்கை மேலே இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பிடித்துப் பழகிய பிள்ளையைத் திருத்தப் பல வாரம் ஆகும்.

வாங்கும்போது விரலமைப்பைப் பார்க்க வேண்டும். யமஹாவில் ஒய்.ஆர்.எஸ்-23 ஜெர்மன் அமைப்பு, ஒய்.ஆர்.எஸ்-24பி பரோக் அமைப்பு. இரண்டும் கலந்து வகுப்புக்கு வந்தால் ஒரே விரல் போட்டுச் சுரம் வேறாகக் கேட்கும். பிள்ளை தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். நமக்கு ஏற்றது பரோக். இடக்கையாலேயே வரும் ஜி, ஏ, பி என்ற மேற்கத்தியச் சுரம் மூன்றும், ஜி-யை ஸ-வாகக் கொள்ளும் ஐந்து கட்டை சுருதியில் ஸ, ரி, க. அந்தச் சுருதியில் கீழ் நி எஃப் ஷார்ப். ஜெர்மன் அமைப்பில் எஃப் சுலபமாக வரும், எஃப் ஷார்ப் கோணலாகிவிடும். வாயில் வைப்பது என்பதால் ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும். மாற்றி மாற்றி ஊதவிடவே கூடாது. ஜப்பானில் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கினாலும், நாங்கள் சொல்வது ஐந்தாம் வகுப்பிலிருந்து. அதற்கு முன் பல பிள்ளைகளின் சின்ன விரலுக்குக் கீழ்த் துளைகள் சரியாக எட்டாது.

வாய்ப்பாட்டு

குரலுக்குச் செலவில்லை. 40 பேரும் 40 நிமிடமும் பாடலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தட்டி, விரல் எண்ணி, வீசிப் போட்டுக்கொண்டே பாடும் பிள்ளைக்குக் கையும் காதும் வாயும் ஒன்றாக வேலை செய்கின்றன. இந்த ஒழுங்கை வேறெந்த வழியும் இவ்வளவு சுருக்கமாகத் தராது.

ஆனால் குருவின் முன் இரண்டு மூன்று பேர் உட்காரும் வகுப்புக்கு ஏற்பட்ட பாட வரிசையை 40 பேர் கூட்டத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் பிசகும். சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் பார்த்தால் ஸ-வுக்கு அடுத்த கட்டையே ரி. அங்கிருந்து க-வுக்குப் போக நடுவில் இரண்டு கட்டையைத் தாண்ட வேண்டும். தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஏற்ற இறக்கம் காதைத் தீட்டும். கூட்டத்தில் ரி கொஞ்சம் ஏறும், க கொஞ்சம் இறங்கும், ஒரு மாதத்தில் வகுப்பே வேறேதோ ராகத்தைப் பாடிக்கொண்டிருக்கும். ஆசிரியரால் 40 குரலைத் தனித்தனியாகத் திருத்த முடியாது. ஆகவே கூட்டு வகுப்பில் முதல் பத்து வாரம் ஐந்தே சுரமுள்ள மோகன ராகத்தில் நின்று, பிறகு சங்கராபரணம், அதற்கும் பிறகு மாயாமாளவகௌளை என்று போவதே நல்லது. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் வரிசையைக் கலைக்கலாமா என்று வித்வான்கள் கேட்பார்கள். வரிசை எங்கும் போய்விடவில்லை, ஆறு மாதம் தள்ளி வருகிறது.

சுருதி இன்னொரு கண்ணி. பாட்டு டீச்சர் தமக்கு வசதியான ஐந்து கட்டையில் தொடங்கினால் ஸ, ரி இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அமுங்கிவிடும்; பாதி வகுப்பு முணுமுணுக்கும். எட்டிலிருந்து பதினோரு வயதுவரை பையன், பெண் இரு பாலாருக்கும் ஒரு கட்டையில், அதாவது நடு சி-யிலிருந்து மேல் சி வரை, குரல் தாராளமாக வரும். சுருதிப்பெட்டியையோ தம்பூரா செயலியையோ நிறுத்தவே கூடாது. நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாடவைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறார்கள் என்று அவர்களே சிரிப்பார்கள். 12, 13 வயதில் பையன்களுக்குக் குரல் உடையும்போது “நீ பாடாதே, ஓரமா நில்” என்று சொல்வது பெருங்கொடுமை. அந்த வயதில் கேட்ட ஒரு சொல்லால் வாழ்நாள் முழுக்கப் பாடாமல் போனவர்கள் உண்டு. கீழ்ச் சுருதியில் மூன்றே சுரமுள்ள ஒரு வரியை அவர்களுக்குக் கொடுத்தால் போதும்.

பாடல் தேர்வில்தான் பன்மை அடிபடுகிறது. வழக்கமான பாடத்திட்டம் ஒரே சமயத்தின் பக்திப் பாடல்களைச் சுற்றியே ஓடும். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓதுவார் பாடும் தேவாரப் பண், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கிறித்தவக் கீர்த்தனை, நாகூர் தர்காவின் பாட்டு மூன்றும் இதே மண்ணின் ராகங்களில்தான் நிற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் கேட்கவைத்தால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முத்துசுவாமி தீட்சிதர் இருநூறு ஆண்டுக்கு முன்பே ஆங்கிலேயர் வாத்தியக் குழுவிடம் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்யம் போட்டார். அந்த நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் கமகமில்லாமல் வருவதால் பிள்ளைகளுக்கு எளிது. சாகித்யம் வேண்டாமென்றால் சுரமாகவே பாடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படைப்பு என்பது வெளியிலிருந்து வந்த சரக்கில்லை. பாடும்போதே சொந்தமாகச் சுரம் கட்டும் கல்பனாஸ்வரம் நம் மரபின் உயிர். அதை ஐந்தாறு ஆண்டுப் படிப்புக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். மோகனத்தில் மூன்று சுரத்தை வைத்து எட்டு எண்ணிக்கைக்குச் சொந்தமாகப் பாட மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டாம் மாதத்திலேயே முடியும்.

பறை

பறை பள்ளி முற்றத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நின்று, அடியெடுத்து வைத்து, கூட்டமாக அடிப்பது. ஒருவர் தவறினாலும் கூட்டம் தூக்கிக்கொண்டு போகும். வேப்பமரத் துண்டுகளை வளையமாகச் சேர்த்து மாட்டுத்தோல் இழுத்து ஒட்டியது, குறுக்களவு 35 செ.மீ. அளவில் இருக்கும். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி. சில ஊரில் இதைச் சுண்டுக்குச்சி என்பார்கள். சிம்புக்குச்சியை முஷ்டியாக இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லாப் பிள்ளையும் செய்யும் முதல் தவறு. குச்சி தோலிலேயே ஒட்டிக்கொள்ளும், சுள்ளென்ற சத்தம் வராது. விரலிடுக்கில் தளர்வாக வைத்து அதுவாகத் துள்ளவிட வேண்டும்.

எட்டுப் பறை இருந்தால் 40 பேருக்குப் போதும். எட்டுப் பேராக ஐந்து குழு: ஒன்று அடிக்கும், ஒன்று அடிக்குரிய தாளச் சொற்களான சொற்கட்டைச் சொல்லும், ஒன்று கைத்தாளம் போடும், ஒன்று ஆட்ட அடியான அடவு வைக்கும், ஒன்று உட்கார்ந்து கேட்டு எங்கே தப்பியது என்று சொல்லும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் எல்லோருக்கும் எல்லாம் வந்துவிடும், யாரும் வரிசையில் காத்து நிற்பதில்லை. சொற்கட்டு ஆசானுக்கு ஆசான் மாறும். ஆண்டு நடுவில் ஆசானை மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். தோல் ஈரம் குடித்தால் தொய்ந்து தொப்பென்று அடிக்கும். தீயில் காய்ச்சித்தான் விறைப்பேற்ற வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் இது தினப்பாடு. பள்ளி வளாகத்தில் பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு தீ மூட்டக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலோ ஜனவரியிலிருந்தோ பறையை வைத்துக்கொண்டு, மழை மாதங்களைக் குரலுக்குக் கொடுப்பது நல்லது. ஃபைபர் தோல் போட்ட பறை ஈரத்துக்கு அசையாது; நாதம் ஒரு படி மட்டு. கடைசிப் பிரிவேளையில், மற்ற வகுப்புகளிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் அடிக்க வேண்டும்.

இனி, கருவியைவிடக் கனமான விஷயம். சாவுக்குப் பறையடிக்கச் சொல்லி ஒரு சாதியாரைக் கட்டாயப்படுத்திய வரலாறு எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். “எங்க பிள்ளை கையில பறையா” என்று ஆதிக்கச் சாதி வீட்டிலிருந்து வரும் எதிர்ப்பை உறுதியாக மறுக்க வேண்டும். “இதிலேர்ந்து தப்பிக்கத்தானே படிக்க அனுப்பினோம், மறுபடி இதையேவா” என்று தலித் வீட்டிலிருந்து வரும் கேள்வி வேறு. அது நியாயமான கேள்வி. உட்கார்ந்து பேசாமல் தொடங்கக்கூடாது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடிப்பதையும், 2025-இல் பறை ஆசான் வேலு பத்மஸ்ரீ பெற்றதையும் பெற்றோர் கூட்டத்தில் காணொளியாகக் காட்டலாம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும், ஒரே நாளில் குச்சி பிடிக்க வேண்டும். ஏற்கெனவே கை வந்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கி “பறைக் குழு” அமைத்தால் ஊரின் சாதி வரைபடம் அப்படியே பள்ளிக்குள் வந்துவிடும். ஆசானுக்கு நாற்காலி, மரியாதை, மற்ற சிறப்பாசிரியருக்குத் தரும் அதே ஊதியம். விருந்தினர் வரும்போது வாசலில் அடிக்க மட்டும் பறையை எடுத்துவிட்டு, மேடைக்கு வேறு இசையை வைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள்.

பறை வகுப்பில் ஒரு குறை உண்டு. ஆசான்கள் கட்டிய அடிகளைச் சொல்லித்தருவார்கள். பிள்ளை தானாக அடி கட்ட இடம் கிடைப்பதில்லை. வகுப்பின் கடைசி எட்டு நிமிடத்தை அதற்கென்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று, நான்காம் வகுப்புக்குப் பறை கனம். அங்கே கும்மியும் கோலாட்டமும் போதும்: ஒரு அடி நீளக் கழி இரண்டு, பிள்ளைகள் இரட்டைப் படையில்.

படைப்பு வகுப்பு

ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃபும் குனில்ட் கேட்மனும் உருவாக்கி, 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதியாக வெளியிட்ட முறை உலகெங்கும் பள்ளிகளில் பரவியிருக்கிறது. பேச்சிலிருந்து தாளம், தாளத்திலிருந்து உடலசைவு, பிறகு ஐந்தே சுரமுள்ள கருவி, அதில் பிள்ளையின் சொந்த மெட்டு. கட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய சைலபோனில் நான்காவதையும் ஏழாவதையும் எடுத்துவிடுவார்கள். ம-வும் நி-யும் போனால் மிஞ்சுவது மோகனம். எந்தச் சுரத்துக்குப் பின் எதை அடித்தாலும் உரசாது என்பதுதான் காரணம்.

அந்த சைலபோன்கள் விலை அதிகம். பொம்மைக் கடையில் கிடைக்கும் வண்ணத் தகடு வைத்ததோ பெரும்பாலும் சுருதி சேராது. பிளம்பிங் கடைக் குழாய் போதும். உள் குறுக்களவு 4 செ.மீ. உள்ள, சுவர் மெல்லிய பிவிசி குழாயில் 3 மீட்டர் எடுத்தால் ஒரு கட்டு கிடைக்கும். ஒரு கட்டை சுருதிக்கு நீளம்: ஸ 64 செ.மீ., ரி 57, க 50.5, ப 42, த 37, மேல் ஸ 31. ஒவ்வொன்றையும் 1 செ.மீ. கூட்டி வெட்டிக்கொண்டு, கைபேசியில் டியூனர் செயலியை வைத்து சி, டி, இ, ஜி, ஏ, மேல் சி வரும்வரை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். தேய்த்துக் குறைக்கலாம், ஒட்டி நீட்ட முடியாது. கடைசி 3 மில்லிமீட்டரில் அவசரம் கூடாது. ஏழு கட்டு செய்தால் 42 குழாய். ஆளுக்கொன்று கொடுத்து இரண்டு மிஞ்சும். குழாயின் பக்கவாட்டை உள்ளங்கையிலோ தொடையிலோ தட்டினால் சுரம் பேசும். ஒரு முனையைக் கையால் மூடிக்கொண்டு தட்டினால் கீழ் ஸ்தாயி. மதிய வெயிலில் சுருதி சற்று ஏறும். எல்லாக் குழாயும் சேர்ந்தே ஏறுவதால் தங்களுக்குள் பிசகாது, சுருதிப்பெட்டியோடு சேர்த்தால்தான் உரசும்.

ஆளுக்கொரு சுரம் என்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களையே பெயராக இடுகிறாள். வகுப்பிலும் அப்படித்தான் வட்டம் கட்ட வேண்டும். இந்தோனேசியப் பிள்ளைகள் மூங்கில் அங்க்லுங்கை வாசிப்பதும் இதே முறைதான், கைக்கு ஒரு சுரம்.

முதல் வாரம் குழாயைத் தொடாமல் வாயும் கையும் மட்டும். தகதிமி நான்கு, தகிட மூன்று, தகதகிட ஐந்து. ஊரின் பெயர், சாப்பாட்டுப் பெயர், விடுகதை என எதையும் எட்டு எண்ணிக்கைக்குள் அடக்கிச் சொல்லவைப்பது. இரண்டாம் வாரம் ஸ, ரி, க மூன்றே குழாயில் கேள்வியும் பதிலும்: ஒருவர் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு வரி அடித்து ரி-யில் நிறுத்துவார், எதிரில் உள்ளவர் பதில் அடித்து ஸ-வில் முடிப்பார். ரி-யில் நின்றால் காது இன்னும் ஏதோ வேண்டும் என்று கேட்கும். ஸ வந்ததும் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். இதை விளக்கவே வேண்டாம், பிள்ளைகளுக்குக் கேட்கும். மூன்றாம் வாரம் ப-வும் த-வும் சேரும். நான்காம் வாரம் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து ஒரு விடுகதைக்கு மெட்டுப் போட்டுத் தாளில் தங்கள் குறியீட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த வாரம் மறந்து போயிருக்கும்.

இந்த வகுப்பு கெடுவதற்கு முதல் காரணம் “உங்க இஷ்டப்படி வாசிங்க” என்று விட்டுவிடுவது. 40 பேர் இஷ்டப்படி தட்டினால் இரைச்சல்தான். மூன்று சுரம், எட்டு எண்ணிக்கை, ஸ-வில் முடி என்று வேலி போட்டால்தான் பிள்ளைக்கு யோசனை ஓடும். இரண்டாவது, வேகமாகக் கைவரும் நான்கு பேரே எல்லாம் செய்துவிடுவது. குழாயை வாராவாரம் மாற்றிக் கொடுத்தால் இது குறையும். மூன்றாவது, ஆசிரியரே மெட்டைத் திருத்துவது. “நல்லா இல்ல” என்பதைவிட “முடிவை இன்னொரு மாதிரி வாசிச்சுக் காட்டு” என்பது வேலை செய்யும்.

எட்டாம் வகுப்புவரை தீராத ஒரு விளையாட்டு இதே ஐந்து குழாயில் இருக்கிறது. ஸ குழாய் தொடர்ந்து ஒலித்தால் கேட்பது மோகனம். ஸ-வை நிறுத்தி ரி குழாய்க்காரரை விடாமல் தட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் வாசிப்பது அதே சுரங்கள், கேட்பது மத்தியமாவதி. க-வை ஆதாரமாக்கினால் இந்தோளம். ப-வில் சுத்த சாவேரி. த-வில் சுத்த தன்யாசி. ஆதாரம் மாறினால் பண் மாறும் என்ற பழந்தமிழ் இசைக் கணக்கை 11 வயதுப் பிள்ளை கையாலேயே தொட்டுவிடுகிறது. கமகம் இல்லாததால் இவை ராகத்தின் எலும்பு மட்டுமே. முழு உருவத்தைக் கேட்க ஒரு வித்வானின் பதிவை உடனே போட்டுக் காட்ட வேண்டும்.

பல நாட்டு இசையை எப்படிச் சேர்ப்பது

திங்களன்று ஆப்பிரிக்கா, அடுத்த வாரம் சீனா என்று வாரம் ஒரு நாட்டைக் காட்டி, உடை போட்டு, ஒரு வரி பாடிப் படமெடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆண்டு முடிவில் பிள்ளையின் காதில் எதுவும் தங்கியிருக்காது. ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நாடுகளைக் கடப்பது நல்லது.

ஏழு எண்ணிக்கை அதற்கு அருமையான வாசல். நம் மிஸ்ர சாப்பு 3+2+2: தகிட தக திமி. பல்கேரியாவின் ராச்செனிட்சா நடனம் 2+2+3: தக திமி தகிட. இந்துஸ்தானியின் ரூபக் மறுபடி 3+2+2. வகுப்பை எதிரெதிராக இரண்டு வரிசை நிறுத்தி, ஒன்று நம் கணக்கையும் மற்றது பல்கேரியக் கணக்கையும் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தில் மட்டும் கைதட்டினால் இரண்டின் நடையும் எங்கே பிரிகிறது என்று பளிச்சென்று கேட்கும். இங்கே வழக்கமாக நேரும் தவறு, எட்டாவதாக ஓர் எண்ணிக்கையைத் தானாகச் சேர்த்துக்கொள்வது. எட்டுக்குப் பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும். சுற்றின் கடைசிச் சொல்லை நீட்டாமல் அடுத்த சுற்றுக்குள் குதிக்கப் பழக்கினால் சரியாகும்.

ஐந்து சுரமும் அப்படியே. மோகனத்தை வடக்கே பூப் என்கிறார்கள். ஜப்பானில் இதே அளவுக்கு யோனா நுகி என்று பெயர். நாலையும் ஏழையும் நீக்கியது என்று பொருள். நாம் ம, நி வர்ஜம் என்கிறோம். சட்டக வடிவத் தோற்கருவிகள் இன்னொரு குடும்பம்: பறை, கஞ்சிரா, நாகூர்ப் பக்கீர்களின் தாயிரா, அரபு நாட்டு தஃப், அயர்லாந்தின் பவ்ரான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பறை என்றால் இருமுகத் தோற்கருவி என்பதையும் சொல்லி வைக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வகுப்புக்குள்ளேயே இருக்கும் நாடுகள். திருப்பூர்ப் பள்ளியில் ஒடியா, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதுரையில் சௌராஷ்டிரம், பல ஊரில் தெலுங்கும் உருதுவும். வீட்டில் பாடும் தாலாட்டையோ விளையாட்டுப் பாட்டையோ ஒரு நிமிடம் கைபேசியில் பதிந்து கொண்டுவரச் சொல்லலாம். வகுப்பு கேட்டு மூன்றா நான்கா என்று தாளம் பிடிக்கும், பாடியவர் வீட்டுப் பிள்ளையே சொல் பிரித்துக் கற்றுக்கொடுக்கும். கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பாட்டு எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துக்கத்துக்கோ வழிபாட்டுக்கோ உரியதென்றால் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

எந்தப் பள்ளிக்கு எது

இசை ஆசிரியரே இல்லாத பள்ளியில் வகுப்பாசிரியர் குழாய்க் கட்டோடும் சொற்கட்டோடும் தொடங்கிவிடலாம். பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எட்டு வரை தடுமாறாமல் எண்ணத் தெரிந்தால் முதல் பருவம் ஓடும். இரண்டாம் பருவத்துக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளி, ஜவகர் சிறுவர் மன்றம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்த கலைஞர்கள் என்று ஆள் தேடலாம். கர்நாடக இசை ஆசிரியர் இருக்கும் பள்ளி அவரை விட்டுவிடக்கூடாது. 40 நிமிடத்தில் 25 வாய்ப்பாட்டு, 15 பிள்ளைகளின் சொந்தச் சுரம் என்று பிரித்துக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். நன்கொடையாக ஒருமுறை பணம் வந்திருக்கும் பள்ளி கீபோர்டுக்குப் போகாமல் எட்டுப் பறையும் ஆசானுக்கு ஓராண்டு ஊதியமும் என்று ஒதுக்க வேண்டும். கருவி வாங்கிவிட்டு ஆசானுக்குப் பணமில்லாமல் அலமாரியில் பூட்டி வைப்பதுதான் அதிகம் நடக்கிறது. ரெக்கார்டர் இரண்டாம் ஆண்டுக்கு, ஐந்தாம் வகுப்புக்கு மேல், மோகனம் காதில் ஏறிய பிறகு.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு என்ன கொண்டுபோவது என்ற கேள்வி ஆகஸ்டிலேயே வந்துவிடும். ஓடும் பதிவுக்கு வாயசைப்பதைக் கைவிட்டு, பிள்ளைகள் நான்காம் வாரம் எழுதி வைத்த தாள்களை எடுங்கள். மூன்று விடுகதை மெட்டு, நடுவில் ஏழு எண்ணிக்கையில் ஒரு பறையடி, எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம். ஒத்திகைக்கு மூன்று வகுப்புக்கு மேல் தேவைப்படாது, மெட்டு அவர்களுடையது என்பதால்.